பழம்பொறிகளின் மறுவாழ்வு: எமுலேற்றர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நூலைப் படிப்பதற்கு எழுத்தறிவு போதும். கணினி விளையாட்டொன்றோ, அதனை இயக்குதற்கென அமைந்த பொறி இல்லையேல், வெறும் எண்களின் வரிசையாகவே எஞ்சும். பொறி பழுதுற்று, அதனை ஆக்கிய நிறுவனமும் உற்பத்தியைக் கைவிட்டபின் அவ்விளையாட்டின் கதி யாது? இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் தலையாயது எமுலேற்றர் ஆகும். ஒரு பொறியின் செயற்பாட்டை இன்னொரு பொறியில் மென்பொருளால் நிகழ்த்திக் காட்டுவதே அதன் பணி. அதன் வரலாற்றையும் அது எழுப்பிய உரிமைச் சிக்கலையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருத்து விளையாட்டு உலகிற் பிறந்ததன்று. தக்க விவரணை தரப்படின் ஒரு பொறி ஏனைய பொறிகள் அனைத்தினதும் செயலை நிகழ்த்தவல்லது என அலன் ரூறிங் 1936இல் கோட்பாட்டளவில் நிறுவினார். அதன் நடைமுறைத் தேவையை வணிகமே உணர்த்தியது. 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 வரிசைக் கணினிகளை அறிவித்தபோது, முன்னைய 1401 கணினிக்கென எழுதிய நிரல்களை வாடிக்கையாளர் கைவிட விரும்பாமை பெருந் தடையாயிற்று. எனவே, புதிய கணினிகள் சில பழைய நிரல்களையும் இயக்குமாறு அமைக்கப்பட்டன. பழையதைக் காத்தல் என்பது தொடக்கத்திலேயே வணிகத்தின் நலனாகவும் இருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

1983இல் யப்பானில் நின்ரெண்டோ வெளியிட்ட பமிலி கொம்பியூட்டர் 2 கிலோபைற்று செயல் நினைவகத்தையே கொண்டிருந்தது. ஆயினும் அதன் செயலை வேறொரு கணினியிற் போலச்செய்தல் எளிதன்று. மூலப்பொறியின் கட்டளை ஒவ்வொன்றையும் வாசித்து, பொருள்கண்டு, அதே விளைவைத் தருதல் வேண்டும். படம் வரையும் சில்லையும் ஒலிப்பகுதியையும் அதே காலவொழுங்கில் இணைத்தல் வேண்டும். இதற்கு மூலப்பொறியினும் பன்மடங்கு வேகம் தேவை. வீட்டுக் கணினிகள் அவ்வேகத்தை எய்திய 1990களின் நடுப்பகுதியிலேயே இத்துறை மலர்ந்தது. 1996இல் மராற் பைசுலினின் ஐநெஸ், 1997இல் நெஸ்ரிக்கிள் என்பன வெளிவந்தன. அதே 1997இல் இத்தாலியரான நிக்கொலா சல்மோரியா, காசிட்டு ஆடும் பொது விளையாட்டுப் பொறிகளுக்கென மேம் திட்டத்தைத் தொடக்கினார். பொறிகளின் அமைப்பைப் பதிவுசெய்தலே தமது குறிக்கோள் என்றும், விளையாட முடிதல் அதன் துணைவிளைவே என்றும் அத்திட்டத்தார் கூறுவர்.

போலச்செய்தலின் எல்லை யாது என்பதும் சுவையான வினாவாகும். நின்ரெண்டோவின் அப்பொறி ஒரு கிடைவரியில் எட்டு அசையும் உருவங்களையே காட்டவல்லது. அதனை விஞ்சின் உருவங்கள் மினுக்கமுறும். எமுலேற்றர் இக்குறையை நீக்கிவிடலாம். ஆனால் அன்றைய சிறுவர் கண்டது அம்மினுக்கத்தோடு கூடிய காட்சியையே. ஏட்டிலுள்ள பாடத்தைத் திருத்துவதா, உள்ளவாறே பதிப்பதா எனச் சுவடிப் பதிப்பாசிரியர் எதிர்கொண்ட சிக்கலை இது ஒத்தது.

இன்று ஒருவர் தம் கணினியில் இத்தகைய பொறியை அமைக்க விரும்பின், எமுலேற்றர் மென்பொருள், விளையாட்டின் உள்ளடக்கப் பிரதி, கைக்கட்டுப்பாட்டுக் கருவி ஆகியன வேண்டும். பிளேஸ்ரேசன் போன்றவற்றுக்குப் பயோஸ் எனும் அடிப்படை நிரலும் பெரும்பாலும் தேவைப்படும். சிக்கல் இங்கேதான் எழுகின்றது. மென்பொருளை எவரும் புதிதாக எழுதலாம். உள்ளடக்கமும் பயோசும் பிறர் உடைமைகள்.

1999இல் கொனெக்ரிக்ஸ் நிறுவனம் பிளேஸ்ரேசன் விளையாட்டுகளை மக்கின்ரொஷ் கணினியில் இயக்கும் மென்பொருளை வெளியிட்டது. சொனி வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையும் பெற்றது. ஆய்வின்போது கொனெக்ரிக்ஸ் பயோசைப் பலமுறை பிரதிசெய்தது உண்மையே. எனினும் இறுதி மென்பொருளில் சொனியின் நிரல் எதுவும் இருக்கவில்லை. அவ்வாய்வு நியாயமான பயன்பாடே என 2000 பெப்ரவரியில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துத் தடையை நீக்கியது. ஆயினும் 2001இல் சொனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. நீதிமன்றில் வென்றது சந்தையில் மறைந்தது.

இத்தீர்ப்பு எமுலேற்றருக்கு இடமளித்ததேயன்றி விளையாட்டுகளைக் களவாகப் பரப்புவதற்கன்று. விற்பனையிலுள்ள சுவிட்ச் பொறியைப் போலச்செய்த யூசு மென்பொருளின் ஆக்குநர், நின்ரெண்டோ தொடுத்த வழக்கில் 2024இல் 24 இலட்சம் டொலர் செலுத்த இணங்கினர். ஆனால் விற்பனையில் இல்லாதவற்றின் நிலை வேறு. 2010இற்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் 87 வீதமானவை சந்தையில் கிடைப்பதில்லை என விளையாட்டு வரலாற்று மன்றமொன்று 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நூலகங்கள் அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து வழங்க அனுமதி கோரியபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் அதனை மறுத்தது.

விற்க விரும்பாதவரும் உரிமை கொண்டாடலாம். கற்க விரும்புவோரோ அதனை அணுக இயலாது என்பதே இன்றைய நிலை. உடைமையாளரின் நலனும் வரலாற்றின் நலனும் ஒன்றல்ல. ஐ.பி.எம். காலத்தில் இணைந்திருந்த அவ்விரண்டும் பின்னர் பிரிந்தமையே எமுலேற்றர் வரலாறு உணர்த்தும் உண்மையாகும். சில்லுகள் தேய்ந்து அழியுமுன் சட்டம் இவ்விடைவெளியை நிரப்பாதாயின், இருபதாம் நூற்றாண்டின் ஒரு கலைவடிவத்தைப் பெயரளவிலேயே வருங்காலம் அறிய நேரும்.