பைக்கனூர்: இடம்பெயர்ந்த ஒரு பெயர்

உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957 அக்டோபர் 4 அன்றும், முதல் விண்வெளி வீரரான யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்றும் புறப்பட்ட இடம் எது என்ற வினாவுக்குப் பாடநூல்கள் அனைத்தும் பைக்கனூர் என்றே விடை தருகின்றன. அந்த விடை இன்று சரியானதே எனினும், அவ்விரு நாள்களிலும் அந்த நிலத்தில் வாழ்ந்த எவரும் அதை அப்பெயரால் அழைத்ததில்லை. பைக்கனூர் என்பது அன்று அங்கிருந்து வடகிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கசாக்ஸ்தானின் செஸ்காஸ்கான் செம்புச் சுரங்கப் பகுதியை அடுத்திருந்த ஒரு சிற்றூரின் பெயராகும்; கர்சக்பாய் செம்பு உருக்காலைக்கு நிலக்கரி தந்த ஊர் என்பதைத் தவிர அதற்கு வேறு புகழ் இருந்ததில்லை.

கசாக் மொழியில் இப்பெயர் ‘பைகோங்கிர்’ என்பதற்கு அணுக்கமாக ஒலிக்கிறது. ‘பை’ என்பது செல்வ வளத்தையும் ‘கோங்கிர்’ என்பது பழுப்பு நிறத்தையும் குறிக்கும் சொற்களாதலால், மேய்ச்சலுக்கு உகந்த புல் செழித்த பழுப்பு நிலம் என்று அதற்குப் பொருள் கொள்வது வழக்கம். கோங்கிர் என்ற சொல்லைக் கசாக் மக்கள் நிறத்துக்கு மட்டுமன்றி, தாழ்ந்து இனிமையாக ஒலிக்கும் குரலுக்கும், வருடிச் செல்லும் காற்றுக்கும், கடுமையற்ற இலையுதிர் காலத்துக்கும் அடைமொழியாக வழங்குவதால், ஆடும் குதிரையும் மேய்த்து வாழ்ந்த ஒரு சமூகம் தன் நிலத்தின்மீது கொண்டிருந்த பரிவும் அப்பெயரில் கலந்திருக்கிறது. தமிழர் செவிக்கு அதன் இறுதியில் ‘ஊர்’ என்ற சொல் கேட்பது வெறும் ஒலி ஒப்புமையே. ரஷ்யர் நாவில் திரிந்து வந்த வடிவம் அது.

ஏவுதளம் உண்மையில் அமைந்த இடம் தியூராதாம், கசாக் உச்சரிப்பில் தோரெதாம். செங்கிஸ்கான் மரபில் வந்த உயர்குடியினரைத் தோரே என்றும், மண்ணால் எழுப்பிய கல்லறைக் கட்டடத்தைத் தாம் என்றும் சொல்வதால், ‘தோரேயின் கல்லறை’ என்பது அதன் பொருள். 1906இல் முழுமை பெற்ற ஓரன்பர்க்–தாஷ்கண்ட் இருப்புப்பாதையில், சிர் தாரியா ஆற்றின் அருகே, அது ஒரு சிறிய ரயில் நிலையமாக இருந்தது. ஆர்-7 எனப்படும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதிக்க மக்கள் செறிவற்ற பரந்த வெளியும், கழன்று விழும் ராக்கெட் பாகங்களால் சேதம் நேராத நிலப்பரப்பும், தண்ணீரும், கனமான பொருள்களைக் கொண்டுவர ரயில் வசதியும் ஒருங்கே தேவைப்பட்டன. இவை தியூராதாமில் அமைந்திருந்தமையால், 1955 பிப்ரவரி 12 அன்று சோவியத் அமைச்சரவை அங்கே ஒரு சோதனைத் தளம் அமைக்க ஆணையிட்டது. ஆவணங்களில் அது ஐந்தாம் எண் ஆராய்ச்சிச் சோதனைத் தளம். பணியாளர் பேச்சில் வெறும் ‘பொலிகோன்’, அதாவது சோதனைத் திடல். உள்ளிருந்த ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணே பெயராக இருந்தது: ககாரின் புறப்பட்ட மேடை முதலாம் தளம், குடும்பங்கள் வாழ்ந்த நகரம் பத்தாம் தளம். வெளியூர் உறவினர்கள் அந்த நகரத்துக்கு எழுதிய கடிதங்களில் ‘தாஷ்கண்ட்-90’ என்ற முகவரி இருந்தது. உண்மையான தாஷ்கண்ட் நகரமோ அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் 1957 ஆகஸ்டில், ஸ்புட்னிக் ஏவப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, இத்தளத்தைக் கண்டுபிடித்துப் படம் எடுத்துவிட்டது. படங்களை ஆராய்ந்த சிஐஏ அலுவலர்கள், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானிய வரைபடம் ஒன்றில் அந்த ரயில் நிலையத்தின் பெயரைக் கண்டு, தளத்துக்குத் தியூராதாம் என்றே பெயரிட்டனர். ஆகவே, பிற்காலத்தில் சூட்டப்பட்ட பைக்கனூர் என்ற பெயர் எதிரியை ஏமாற்றியது என்று பலரும் எழுதுவது பொருந்தாது. அப்பெயர் உண்மையில் மறைத்தது சோவியத் குடிமக்களிடமிருந்தும் உலகின் பொது வாசகர்களிடமிருந்தும்தான்.

அப்பெயரை வெளியிட நேர்ந்த சூழல் தனிக் கவனத்துக்குரியது. ககாரினின் பயணத்தை உலக சாதனையாகப் பதிவு செய்ய விரும்பிய சோவியத் அரசு, பன்னாட்டு வான்பயணக் கூட்டமைப்பின் விதிப்படி, புறப்பட்ட இடத்தைக் குறிப்பிட்டாக வேண்டியிருந்தது. சாதனையின் பெருமையும் வேண்டும், இராணுவ இரகசியமும் காக்கப்பட வேண்டும் என்ற இரு விருப்பங்களின் மோதலில்தான், தொலைவிலிருந்த சுரங்கச் சிற்றூரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. ககாரின் கலத்திலிருந்து வெளியேறி, தனியே பாராசூட்டில் இறங்கிய உண்மையும் அதே பதிவில் மறைக்கப்பட்டது என்பதை நோக்கினால், இடப்பெயரின் மாற்றம் ஒரு தனிச் செயலன்று என்பது விளங்கும். அதன்பின் சோவியத் செய்தி நிறுவனங்கள் பைக்கனூர் என்றும், மேலை நாட்டு ஆய்வாளர்கள் தியூராதாம் என்றும் ஒரே இடத்தைப் பல ஆண்டுகள் இரு பெயர்களால் எழுதிவந்தனர்.

இந்தியாவுக்குச் சோவியத் வழக்கே வந்து சேர்ந்தது. ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோயூஸ் டி-11 கலத்தில் புறப்பட்டதும், இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்டதும் அத்தளத்திலிருந்துதான். தமிழ் இதழ்கள் பைக்கனூர், பைகானூர், பைக்கோனூர் எனப் பலவாறு எழுதியதற்குக் காரணம், கசாக் மூலத்தை விட்டு ரஷ்ய வடிவத்தையும் அதன் ஆங்கில எழுத்துகளையும் பின்பற்றியமையே.

பத்தாம் தளத்து நகரம் 1966இல் லெனின்ஸ்க் என்ற பெயருடன் நகரத் தகுதி பெற்றிருந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்து கசாக்ஸ்தான் தனி நாடான பின், 1995 டிசம்பர் 20 அன்று அதன் பெயர் பைக்கனூர் என்று மாற்றப்பட்டது. எட்டு நாள் கழித்து ஐஆர்எஸ்-1சி அங்கிருந்து ஏவப்பட்டபோது, முப்பத்துநான்கு ஆண்டுகளாக இரவல் பெயரில் அறியப்பட்ட தளத்தின் நகரத்துக்கு அப்பெயர் சட்டப்படி சொந்தமாகியிருந்தது. லெனினின் பெயரை அகற்ற விரும்பிய ஒரு புதிய குடியரசு, மாஸ்கோ மறைப்புக்காக எடுத்தாண்ட ஒரு கசாக் சொல்லையே தேர்ந்தது பொருத்தமானது. அச்சொல் எவ்வழியே வந்ததாயினும் அந்நாட்டு மேய்ப்பர்களின் மொழிக்கு உரியது. ரஷ்யா தளத்தையும் நகரத்தையும் 1994இல் ஆண்டுக்கு 11.5 கோடி டாலருக்குக் குத்தகைக்கு எடுத்து, பின்னர் அக்காலத்தை 2050 வரை நீட்டித்தது. ரஷ்யர்கள் பைக்கனூர் என்றும் கசாக் மக்கள் பைகோங்கிர் என்றும் வழங்குகின்றனர். நகரத்தை ஒட்டிய சிற்றூரும் ரயில் நிலையமும் இன்றும் தோரெதாம் என்ற பழைய பெயரையே தாங்கியுள்ளன. எனவே ஸ்புட்னிக்கின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், 1957இன் நிகழ்வைத் தியூராதாம் என்று குறித்து, பைக்கனூர் என்ற பிற்காலப் பெயரை அதனோடு விளக்கித் தருவதே அந்த இரண்டு ஊர்களுக்கும் செய்யும் நியாயமாகும்.