ஆள் சேராத ஆசிரமம்

ஆலத்தியூரிலிருந்து திருச்சி போய், காவிரியை ஒட்டி மேற்கே குளித்தலைப் பக்கம் போனால் தண்ணீர்ப்பள்ளி. அங்கே மாந்தோப்பின் நடுவே இருக்கிறது சாந்திவனம். மொன்ஷானின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுப் பாதிரிமார் 1950-இல் அங்கே காவி உடுத்தி, தரையில் அமர்ந்து ஏசுவைத் தியானித்தார்கள். சீடர்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். நிலைத்துத் தங்க ஒருவரும் வரவில்லை. மொன்ஷானின் 1957-இல் பாரிஸில் காலமானார். லெ சோவும் 1968-இல் இமயத்துக்கே போய்விட்டார். தோல்விதானே?

அதே ஐம்பதுகளில், மலாயாவில் வேலை பார்த்த ஜான் மெயின் என்பவர் சுவாமி சத்தியானந்தரிடம் ஜபம் கற்றார். பின்னர் துறவியாகி, 1975-இல் லண்டனில் தியானக் குழு தொடங்கினார். காலையும் மாலையும் அரை மணி, 'மாரநாதா' என்ற ஒரே சொல். 'ஆண்டவரே, வாரும்' என்று பொருள். குழுக்கள் ஊருக்கு ஊர் பெருகின. 1991-இல் அவையெல்லாம் உலகச் சமூகமாக ஒன்றுகூடியபோது, அங்கே உரையாற்ற அமர்ந்தவர் யார்? லெ சோவுக்குப் பின் சாந்திவனத்தை ஏற்றுக் காத்த பீட் கிரிபித்ஸ்!

அந்தத் தோப்பில் ஒரு மாலை நானும் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி சும்மா இருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆள் சேராமல் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவரைத் தோற்றவர் என்று சொல்ல இனி எனக்கு நா எழாது.