கடலுக்குப் போன கவரும் நம்ம ஒயர்க் கூடையும்



தேனி மாவட்டத்தில் கடலே இல்லை. கடல் பிளாஸ்டிக் கதை நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையால், மேற்கே போன பெரியாற்றுத் தண்ணீர் நம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி தாண்டி அது வைகையில் சேருது. வைகை பெருகினால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் கடலில் விழும். நாம வாய்க்காலில் வீசுற கவருக்கும் அதே வழிதான்.

பிளாஸ்டிக்கைக் கையால் அழகான பொருளாக்குவது நமக்குப் புதுசில்லை. வீட்டுக்கு வீடு ஒயர்க் கூடை பின்னிய காலம் உண்டு. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லித் தந்தவை. கைப்பிடி அறுந்தால் பிரிச்சு மறுபடி பின்னுவோம். பின்னால் வந்த மெல்லிசான கவர் பின்னவும் உதவலை, மக்கவும் இல்லை, ஓடையில்தான் சேர்ந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது.

வெளிநாட்டில் 2015-ல் அடிடாஸ் கம்பெனி, ஆழ்கடலில் திருட்டுத்தனமாகப் போட்ட வலையை நூலாக்கிச் செய்த ஷூவைக் காட்டியது. பிறகு வளையல், கைப்பை, கண்ணாடி ஃபிரேம் என்று பலதும் வந்தன. நமக்குப் பக்கத்தில், கேரளாவின் கொல்லம் நீண்டகரையில், 2017 முதல் மீனவர்கள் வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் அதைத் தரம் பிரிச்சு, கழுவி, காயவைத்தார்கள். ஆனால் அது வளையலும் ஆகலை, பையும் ஆகலை. துருவலாகித் தாரோடு சேர்ந்து ரோடானது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் முன்னோடியாகச் செய்து காட்டிய முறை அது. 2018-ல் பத்மஸ்ரீ வாங்கித் தந்தது.

ஏன் ரோட்டுக்கு மட்டும்? உப்பிலும் வெயிலிலும் கிடந்த பிளாஸ்டிக் முறுகி நொறுங்கும். பல ரகம் கலந்துவிடும். நைலான் வலை மாதிரி ஒரே ரகமாகக் கிடைத்தால்தான் நல்ல நூல் வரும்.

இதுதான் நாம எடுத்துக்க வேண்டிய பாடம். கடைவீதியில் பெட்டி கட்டி வரும் பிளாஸ்டிக் நாடாவை அன்றைக்கே வாங்கிப் பிரிச்சு வைத்தால் அது கூடை, பை, பர்ஸ். ஆற்றில் விட்டால் யாரோ ஒரு கடற்கரைப் பெண் குனிந்து பொறுக்க வேண்டிய குப்பை. வாரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு எழுதுறோம். அதே நோட்டில் இந்த வாரம் எத்தனை கிலோ பிரிச்சோம்னு ஒரு வரி எழுதுவோம். முடிச்சுப் போட நம்ம கைக்கு இன்னும் மறக்கலை.