செஞ்சிக்காரர்களும் காடியும்

செஞ்சியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன் நான். திப்பிலி, சித்தரத்தை, கடுக்காய் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இப்போது ஆப்பிள் சைடர் வினிகர் பாட்டிலும் நிற்கிறது. "பெரியப்பா, மதர் இருக்கறதுதானே?" என்று கேட்டு, குலுக்கிப் பார்த்து, அடியிலிருந்து கலங்கல் எழுந்தால்தான் வாங்குகிறார்கள். வெறும் வயிற்றில் குடித்தால் எடை குறையும், சர்க்கரை இறங்கும் என்று நம்பிக்கை. விற்கிறவனே இப்படி எழுதலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எழுதினால் என்ன?

புளித்ததைக் குடிப்பது நமக்குப் புதிதில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலேயே உமணரின் உப்பு வண்டியில் காடிப் பானை தொங்குகிறது. 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்ற பழமொழி இல்லாதவர் வீட்டைப் பார்த்துச் சொன்னதுதான். கோட்டையில் கல்யாண மகாலுக்கு அருகே நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். மராட்டிய மன்னர் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது 1690இல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அத்தனை வருஷம் நெல்லை நம்பி இருந்த இடத்தில் பழையதும் நீச்சத்தண்ணியும் இல்லாமலா போயிருக்கும்!

வினிகரை மருந்தாக நம்பியவர்கள் வெள்ளைக்காரர்கள். அந்தக் காலத்தில் கப்பலின் கீழ்த்தளத்தை அதை ஊற்றித்தான் கழுவுவார்கள். கெட்ட காற்று போய்விடுமாம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் டாக்டர், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். இருவருக்குத் தினமும் மூன்று வேளை இரண்டு கரண்டி வினிகர். இருவருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் சைடர், அதாவது புளிக்க வைத்த ஆப்பிள் சாறு. இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். மற்றவர்களுக்குக் கடல் நீர், அமிலம், ஒரு லேகியம். பழம் தின்றவர்கள் ஆறே நாளில் தேறினார்கள். சைடர் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் தேவலை. வினிகர் குடித்தவர்கள் அப்படியே கிடந்தார்கள். ஆப்பிள் சாறு செய்த கொஞ்ச உபகாரத்தைக்கூட வினிகர் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1750 செப்டம்பரில், புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தது. கோட்டைதான் கைக்கு வந்தது, ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே வைத்ததில்லை. ஆனாலும் பத்து வருஷத்தில் 1,200 பேர் செத்தார்கள் என்று அந்தக் காலத்துச் சரித்திரக்காரர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். 1761இல் வந்த ஆங்கிலேயர் படையிலும் கோட்டை சரணடைவதற்கு முன்பே 300 சிப்பாய்கள் நோயில் போனார்கள். பழி காற்றின் மேல் விழுந்தது. மலைக்காய்ச்சலாக, அதாவது மலேரியாவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல்தான். அதுவரை எதை ஊற்றிக் கழுவி என்ன!

இப்போது பாட்டிலில் வரும் நம்பிக்கை அமெரிக்காவிலிருந்து வந்தது. வெர்மான்ட்டைச் சேர்ந்த டி.சி. ஜார்விஸ் என்ற டாக்டர் 1958இல் வெளியிட்ட புத்தகத்தில், ஆப்பிள் வினிகரும் தேனும் கலந்த தண்ணீரைப் பல நோய்களுக்குச் சொன்னார். புத்தகம் பிரமாதமாக விற்றது. 2024இல் லெபனானில் 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 12 வாரத்தில் ஆறேழு கிலோ குறைவதாகச் சொல்லி உலகமெங்கும் செய்தியானது. கணக்குகள் நம்பும்படி இல்லை என்று அதை வெளியிட்ட பத்திரிகையே 2025இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் செய்தியைக் கொண்டுவந்து காட்டியவர்கள் யாரும் இரண்டாவதைக் காட்டவில்லை.

சர்க்கரை விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. சாப்பாட்டோடு எடுத்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரை ஏறுவது சற்றுத் தணியும். அதைச் செய்வது அசெட்டிக் அமிலம். ஆப்பிள் காடியிலும் அதுதான், பனங்காடியிலும் அதுதான். நம் பக்கம் பனைக்குக் குறைவில்லை. ஆனால் 1987 முதல் கள் இறக்கத் தடை. கள் இல்லாமல் பனங்காடி ஏது? ஆகவே இமயமலைப் பக்கத்து ஆப்பிள் லாரி ஏறி செஞ்சிக்கு வருகிறது.

வாங்குகிறவர்கள் பெரிய டம்ளர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் கலக்காதீர்கள். அப்படியே குடித்தால் பல் எனாமல் அரிக்கும், தொண்டை புண்ணாகும். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கப்போகிறேன் என்று வருகிறவருக்கு நான் பாட்டில் கொடுப்பதில்லை.