டிராக்டர் ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடங்கள்: பக்கக் கண்ணாடிகளைப் பொருத்தும் முறை

டிராக்டர் வாங்கப் போகும்போது குதிரைத்திறன், டீசல் செலவு, டயர் அளவு, ஹைட்ராலிக் எவ்வளவு எடை தூக்கும் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். பக்கக் கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வண்டியோடு வந்த கண்ணாடியும் முதல் பருவத்திலேயே ஏதாவது ஒரு மரக்கிளையில் பட்டு உடைந்துபோகும். பிறகு அதை மாற்றுவதில்லை. வயலுக்குள் மட்டும் ஓடும் வரை இதனால் பெரிய குறை தெரியாது. ஆனால் நம் டிராக்டர்கள் கரும்பு, வைக்கோல், செங்கல், மணல் என்று ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொண்டு ஆண்டில் பல நாட்கள் தார்ச்சாலையில்தான் ஓடுகின்றன. அங்கே பின்னால் வருபவர் கண்ணில் படாவிட்டால் உயிர்ச்சேதம் வரை போய்விடும்.

ஓட்டுநர் நேராகப் பார்த்தாலும் தெரியாமல், கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாமல் போகும் இடத்தை மறைவிடம் என்கிறோம். லாரி ஓட்டுநர்கள் 'பிளைண்ட் ஸ்பாட்' என்பார்கள். டிராக்டரில் இது எங்கெல்லாம் இருக்கிறது, கண்ணாடியால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்று பார்ப்போம்.

மறைவிடங்கள் எங்கே இருக்கின்றன?

முதலில் முன்பக்கம். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். பானெட் மறைப்பதை மறந்துவிடுகிறோம். ஒரு கணக்குப் பாருங்கள். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்திலும், பானெட்டின் முன்முனை கண்ணிலிருந்து 2 மீட்டர் தள்ளி 1.4 மீட்டர் உயரத்திலும் இருந்தால், பானெட்டுக்கு முன்னால் ஏறத்தாழ 4.5 மீட்டர் வரை தரை தெரியாது. 90 செ.மீ. உயரமுள்ள குழந்தை பானெட்டிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் நின்றால் தலைமுடிகூடக் கண்ணில் படாது. உங்கள் வண்டியில் இந்த அளவு கொஞ்சம் கூடலாம், குறையலாம். மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாய் தன் பங்குக்கு ஒரு பட்டையை மறைக்கும். தூரத்தில் வரும் பைக் முழுவதும் அந்த ஒரு குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தலையைச் சற்று இடவலமாக அசைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து பின்சக்கரங்களை ஒட்டிய பகுதி. பெரிய டயரும் மட்கார்டும் சேர்ந்து இரண்டு பக்கமும் தரையை மறைத்துவிடுகின்றன. ரோட்டவேட்டரில் சிக்கிய வைக்கோலை எடுக்கக் குனிந்திருக்கும் ஆள் இருக்கையிலிருந்து தெரியமாட்டார்.

மூன்றாவது, பெரிய மறைவிடம், டிரெய்லருக்கு நேர் பின்னால் உள்ளது. இதைக் கண்ணாடியால் பெருமளவு சுருக்கலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணாடி எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும்?

கண்ணாடி டிரெய்லரின் ஓரத்தைத் தாண்டி வெளியே இருந்தால்தான் பின்னால் பார்க்க முடியும். இரண்டு பக்கக் கண்ணாடிகளிலிருந்தும் டிரெய்லரின் பின்மூலைகளைத் தொட்டு ஆளுக்கொரு கோடு இழுத்தால், அவை டிரெய்லருக்குப் பின்னால் எங்கோ ஓரிடத்தில் சந்திக்கும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் உள்ள முக்கோணம் முழுக்க மறைவிடம்.

டிரெய்லர் 2 மீட்டர் அகலம், அதன் பின்முனை கண்ணாடியிலிருந்து 6 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி டிரெய்லர் ஓரத்தைவிட 10 செ.மீ. மட்டும் வெளியே இருந்தால், அந்த முக்கோணம் டிரெய்லருக்குப் பின்னால் 60 மீட்டர் வரை நீளும். அதே கண்ணாடியை 30 செ.மீ. வெளியே நீட்டினால் 20 மீட்டரிலேயே முடிந்துவிடும். ஒரு சாண் நீளக் கம்பியால் இவ்வளவு வித்தியாசம். வைக்கோலோ கரும்போ டிரெய்லரின் பக்கப் பலகையைத் தாண்டிப் பிதுங்கி நிற்கும்போது கண்ணாடி இருந்தும் பயனில்லை. கரும்புத் தோகை மறைத்த கண்ணாடியில் கரும்புத் தோகைதான் தெரியும். ஆகவே சுமை ஏற்றிக் கட்டிய பிறகு, கிளம்புவதற்கு முன் ஒருமுறை இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதற்காக வரம்பில்லாமல் நீட்டவும் கூடாது. எதிரே வரும் பேருந்தின் கண்ணாடியோடு மோதும், தெருவில் நடந்து போகிறவரின் தலையில் இடிக்கும். சுமையின் அகலத்தைத் தாண்டி 20 முதல் 30 செ.மீ. போதும். வாழை, தென்னந்தோப்புக்குள் போகும்போது மடக்கிக்கொள்ளும்படி கீல் வைத்த கம்பியாக இருந்தால் முதல் பருவத்திலேயே உடையாது.

சமதளக் கண்ணாடியா, குவியாடியா?

கடையில் இரண்டு வகையும் கிடைக்கும். சமதளக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி அதன் உண்மையான தூரத்தில் இருப்பதுபோலவே தெரியும். ஆனால் காட்சி குறுகியது. 15 செ.மீ. அகலக் கண்ணாடி உங்கள் கண்ணிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், 20 மீட்டர் பின்னால் சுமார் 3 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். அதாவது சாலையின் ஒரு தடம்.

குவியாடி என்பது நடுவில் புடைத்த கண்ணாடி. அதே அளவில், 1.2 மீட்டர் வளைவு ஆரமுள்ள குவியாடியைப் பொருத்தினால் அதே 20 மீட்டரில் 8 மீட்டர் அகலம் தெரியும். இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. காட்சி சிறுத்துப்போகும். 20 மீட்டர் பின்னால் வரும் பைக், 50 மீட்டருக்கும் அப்பால் இருப்பதுபோலத் தோன்றும்.

இது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் ஒரு கணக்கு. நீங்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், பைக் 60 கி.மீ. வேகத்தில் வருகிறது. இருவருக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 11 மீட்டர் குறைகிறது. 50 மீட்டரில் இருக்கிறான் என்று நம்பினால் நான்கு நொடிக்கு மேல் இருப்பதாக நினைத்து வயலுக்குள் திருப்புவீர்கள். உண்மையில் அவன் 20 மீட்டரில் இருக்கிறான், இரண்டு நொடிகூட இல்லை.

என் பரிந்துரை: பெரிய சமதளக் கண்ணாடி ஒன்று, அதன் கீழே சிறிய குவியாடி ஒன்று, இரண்டு பக்கமும். யாராவது வருகிறார்களா என்பதைக் குவியாடியில் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்பதைச் சமதளக் கண்ணாடியில் பாருங்கள். தனியாக வாங்க வசதிப்படாதவர்கள், கார் உதிரிபாகக் கடைகளில் விற்கும், ஒட்டக்கூடிய வட்டக் குவியாடியைச் சமதளக் கண்ணாடியின் கீழ்ப்பக்க வெளிமூலையில் ஒட்டிக்கொள்ளலாம். பழைய லாரிக் கண்ணாடியும் நன்றாகவே உதவும்.

இரண்டு பொருட்களை மட்டும் மாட்ட வேண்டாம். ஒன்று, வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி. உடைந்தால் கத்திபோல் சிதறும். இன்னொன்று, முகச்சவரத்துக்கு வாங்கும், முகத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி. அது குழியாடி. தூரத்துப் பொருளைத் தலைகீழாகக் காட்டும்.

பொருத்துதலும் சரிசெய்தலும்

டிராக்டரின் அதிர்வில் ஒற்றைக் கம்பியில் நிற்கும் கண்ணாடி ஆடிக்கொண்டே இருக்கும், பின்னால் வருவது லாரியா மாடா என்றே தெரியாது. மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடிக்கும் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். போல்ட்டுக்கு ரப்பர் வாஷரும், மேலே இன்னொரு செக் நட்டும் போட்டால் அதிர்வும் குறையும், கழன்று விழுவதும் நிற்கும். தலையை அதிகம் திருப்பாமல் பார்க்கும்படி ஓட்டுநருக்குச் சற்று முன்னால் அமைந்தால் நல்லது. மட்கார்டின் பின்பகுதியில் பொருத்தினால் ஒவ்வொரு முறையும் தோளுக்கு மேல் திரும்ப வேண்டியிருக்கும். நாளடைவில் பார்ப்பதையே விட்டுவிடுவோம்.

திருப்பி வைப்பதற்கு, சமதளமான களத்தில் டிரெய்லரை மாட்டி நேர்கோட்டில் நிறுத்துங்கள். கண்ணாடியின் உள்ஓரத்தில் டிரெய்லரின் பக்கவாட்டு ஒரு சிறு கீற்றாக மட்டும் தெரிய வேண்டும். கண்ணாடியில் பாதி டிரெய்லராகத் தெரிந்தால் அந்தப் பாதி வீண். அடிவானம் மேல் மூன்றில் ஒரு பங்கில் விழட்டும், மீதி சாலையாக இருக்கட்டும். கீழே உள்ள குவியாடியில் டிரெய்லர் சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரிய வேண்டும்.

அப்பா ஓட்டிய வண்டியை மகன் எடுத்தால் உயரம் மாறும், கண்ணாடியையும் மாற்றித் திருப்ப வேண்டும். வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர்கள் இதைச் சங்கடமாக நினைக்கிறார்கள். முதலாளி வைத்ததை மாற்றலாமா என்ற தயக்கம். முதலாளிகளே சொல்லிவிடுங்கள்.

சுண்ணாம்புப் பொடிச் சோதனை

உங்கள் வண்டியின் மறைவிடம் எவ்வளவு என்பதை அரை மணி நேரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். எஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரட்டும். இன்னொருவர் 3 அடிக் குச்சியின் நுனியில் சிவப்புத் துணி கட்டி, தரையில் செங்குத்தாகப் பிடித்தபடி வண்டியைச் சுற்றி நடக்கட்டும். ஓட்டுநர் நேராகவும் கண்ணாடியிலும் பார்த்து, துணி மறையும் இடத்தில் குரல் கொடுக்க வேண்டும். அங்கே சுண்ணாம்புப் பொடியோ கோலமாவோ போட்டுக்கொண்டே வந்தால், வண்டியைச் சுற்றி ஒரு வரைபடம் கிடைக்கும். கண்ணாடி மாட்டுவதற்கு முன்னும் பின்னும் செய்து பாருங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளை அழைத்து அந்தக் கோட்டைக் காட்டுங்கள். எத்தனை முறை அதட்டினாலும் பதியாதது, கோலமாவுக்குள் தான் நின்றபோது அப்பா கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பதிந்துவிடும்.

திரும்பும்போது கண்ணாடி கைவிடும்

நேராகப் போகும்போதுதான் கண்ணாடி முழுமையாகப் பயன்படும். டிராக்டர் இடதுபக்கம் திரும்பத் தொடங்கியதும் கண்ணாடியும் அதனோடு திரும்பிவிடும், டிரெய்லர் பழைய திசையிலேயே இருக்கும். அப்போது இடது கண்ணாடி முழுக்க டிரெய்லரின் முன்பகுதியே தெரியும், வலது கண்ணாடி சம்பந்தமில்லாத வயலைக் காட்டும். டிரெய்லரின் பின்சக்கரமோ டிராக்டர் போன தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடது ஓரமாக நுழைந்த சைக்கிளோ நடந்து போகிறவரோ சிக்குவது இந்த இடத்தில்தான். எனவே திருப்புவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள், திருப்பும்போது கழுத்தைத் திருப்பி நேரில் பாருங்கள்.

வலதுபக்கம் வயல்பாதைக்குள் திரும்புவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. மெதுவாகப் போகும் டிராக்டரை முந்த நினைப்பவர்கள் வலப்பக்கம்தான் வருவார்கள். வழி விடுவதற்காக இடப்பக்கம் ஒதுங்கிவிட்டு அப்படியே வலது திருப்பினால், நீங்கள் முந்தச் சொல்வதாகப் பின்னால் வருபவர் எடுத்துக்கொள்வார். 50 மீட்டருக்கு முன்பே சைகை விளக்கைப் போட்டு, வேகம் குறைத்து, வலது சமதளக் கண்ணாடியில் பார்த்து, கடைசி நொடியில் ஒருமுறை திரும்பியும் பாருங்கள்.

பின்னோக்கி எடுக்கும்போது டிரெய்லருக்கு நேர் பின்னால் இருப்பதை எந்தப் பக்கக் கண்ணாடியும் காட்டாது. ஓர் ஆள் நின்று வழி சொல்ல வேண்டும். அவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில், டிரெய்லரின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கண்ணாடியிலிருந்து அவர் மறைந்தால் அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னோக்கி எடுக்கவே கூடாது. பின்பக்கக் கேமராவும் இப்போது விற்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், ஆனால் சேற்றுத் துளி ஒன்று விழுந்தால் திரை இருண்டுவிடும். அதை நம்பிக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

பராமரிப்பு

தூசி படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் மண் துகள் கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு பருத்தித் துணியால் துடையுங்கள். டீசல் பட்ட துணி வேண்டாம், எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டு இரவில் பின்னால் வரும் விளக்கொளியைக் கண்ணாடி முழுக்கப் பரப்பும். விரிசல் விட்டதும், பூச்சு உரிந்து கறுத்ததும் மாற்ற வேண்டியவை. வாரம் ஒருமுறை கிரீஸ் அடிக்கும்போது கண்ணாடியின் போல்ட்டையும் ஒரு திருகு திருகிப் பாருங்கள்.

வயல்பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்தில் வாழையோ வேலிச்செடியோ சாலையை மறைத்தால், எதிர்ப்புறத்தில் பெரிய வட்டக் குவியாடி ஒன்றைக் கம்பத்தில் நிறுத்தலாம். சாலையோர நிலம் பொதுவானது என்பதால் சாலையைப் பராமரிக்கும் துறையிடமோ ஊராட்சியிடமோ முதலில் அனுமதி கேளுங்கள். அந்தக் கண்ணாடியிலும் வண்டி தூரத்தில் இருப்பதாகவே தெரியும், இடவலம் மாறியும் தெரியும். செடியை வெட்ட முடிந்தால் வெட்டுவதே முதல் வேலை.

இதைப் படிப்பவர்களில் டிராக்டர் ஓட்டுபவர்களைவிட பைக்கில் போகிறவர்கள் அதிகம் இருப்பீர்கள். டிரெய்லருக்குப் பின்னால் போகும்போது ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. முந்துவதற்கு முன் சற்றுப் பின்தங்கி, முகம் தெரியும் இடத்துக்கு வந்து ஹாரன் அடியுங்கள். அவர் கை காட்டும் வரை காத்திருங்கள்.