எச்சம், மிச்சம், நிலுவை: எஞ்சுதற்பொருட் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

பிச்சாட்டூர், ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 2022 ஏப்ரலில் இம்மாவட்டம் உருவாகும் வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960இல் மாநில எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடும், சத்தியவேட்டைச் சார்ந்த ஊர்கள் ஆந்திரத்தோடும் இணைந்தன. ஆட்சி எல்லை மாறினும் அதன் இருபுறத்தும் தமிழும் தெலுங்கும் வழங்கியே வருகின்றன.

பிச்சாட்டூரில் உள்ள ஆரணியாற்று நீர்த்தேக்கத்திலிருந்து திறக்கப்படும் நீர், ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் மாவட்டத்தினுள் பாய்கிறது. ஆகவே மழைக்காலத்தில் அந்நீர்த்தேக்கம் பற்றிய செய்தி இரு மொழிகளிலும் சென்று சேர வேண்டியதாகிறது. தெலுங்கு நீர்ப்பாசன வழக்கில் 'நில்வ' என்பதும் 'மிகுலு ஜலாலு' என்பதும் பயின்று வருவன. ஒலியொப்புமை ஒன்றையே கருதி முன்னதை 'நிலுவை' என்றும், பின்னதை 'மிச்ச நீர்' என்றும் பெயர்த்தால் பொருள் தலைகீழாகும். தேங்கியுள்ள நீர் தரவேண்டிய நீராகிவிடும். அணைக்கு மிஞ்சி வெளியேறும் நீர் அடியில் தங்கிய சிறிதளவு நீராகிவிடும். ஓரடிப் பிறந்த சொற்கள் இங்ஙனம் வேறுபட நின்றமைக்குரிய காரணத்தை அவற்றின் வரலாற்றில் காணலாம்.

2. எஞ்சு: எச்சமும் எச்சிலும்

'அஞ்சு' என்னும் வினையிலிருந்து 'அச்சம்' தோன்றுவது போல 'எஞ்சு' என்பதிலிருந்து 'எச்சம்' தோன்றுகிறது. இவ்வினைக்குத் தொன்றுதொட்டு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, பின்னே தங்குதல், மற்றொன்று, குறைபடுதல். இவை முரண்போலத் தோன்றினும் ஒரு நிகழ்ச்சியின் இரு பக்கங்களே. ஒரு பொருளினின்று பெரும்பகுதி நீங்கியபின் நிற்பதை நோக்கின் அது மீதி. நீங்கியதை நோக்கின் அது குறை.

பழைய நூல்களில் இவ்விரு பொருளும் விளங்குகின்றன. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உடற்குறைகள் எண்வகை எச்சமாகக் கூறப்படுகின்றன. திருக்குறளில், ஒருவன் விட்டுச்செல்லும் புகழும் எச்சமெனப்படுகிறது; ஏனையவை என்னும் பொருளிலும் அச்சொல் ஆளப்படுகிறது. 114ஆம் குறளில் வரும் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கட்பேறு என்பதுபடப் பொருள் கொண்டார். விட்டுச்செல்வது யாது என்னும் வினாவுக்குப் புகழ் என்றும் பிள்ளை என்றும் இருவிடை கூறுமளவு அச்சொல் விரிந்து நின்றது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்பது பெயர். அதன்கண் பிரிநிலையெச்சம் முதலாகப் பத்து எச்சங்கள் எண்ணப்படுகின்றன. இலக்கணத்தில் எச்சம் என்பது, முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பது. இங்குக் குறைவு என்னும் பொருளே மேலோங்கிற்று. இன்றைய தமிழில் பறவையின் கழிவும், தொல்லுயிர்ப் படிவமும் எச்சம் எனவே வழங்குகின்றன.

தெலுங்கின் 'எங்கிலி', கன்னடத்தின் 'எஞ்சலு' என்பன இதற்கு இனமானவை. அவை வாய்பட்ட உணவைக் குறிக்கும் 'எச்சில்' என்பதோடு பொருளால் ஒத்தவை. எஞ்சுதல் என்னும் பொதுப்பொருளைத் தெலுங்கில் 'மிகுலு' என்னும் சொல் ஏற்றுக்கொண்டது.

3. மிகு, மீ: மிச்சமும் மீதியும்

'மிகு' என்பதனோடு உறவுடைய 'மிஞ்சு' என்பதிலிருந்து 'மிச்சம்' பிறக்கிறது. இங்கு அடிப்படைப் பொருள் குறைவன்று, அளவின் மேற்படுதல். 'மேல்' எனப் பொருள்படும் 'மீ' என்னும் அடியோடு தொடர்புடைய 'மீதி'யும் அத்தகையதே. வேண்டிய அளவு நிரம்பியபின் அதன் மேல் நிற்பதே மீதி.

விருந்தினர் உண்டபின் எஞ்சும் உணவைத் திருக்குறள் 'மிச்சில்' என உயர்வு தோன்றக் குறிக்கிறது. 'மிச்சில்' பிறர்க்கு இட்டபின் நின்றது. 'எச்சில்' ஒருவர் வாய்பட்டு விலக்கப்பட்டது. கலத்திலுள்ள உணவு ஒன்றாயினும் சொல் வேறாதல் கருதற்பாலது.

எனினும் இற்றைத் தமிழில் மிச்சம் என்பது பெரும்பாலும் செலவு போக நின்ற சிறுபகுதியையோ சேமிப்பையோ குறிக்கிறது. 'மேல்' எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த 'உபரி', தேவைக்கு மிஞ்சிய பேரளவைக் குறிக்க ஆட்சித்தமிழில் இடம்பெற்றது. தெலுங்கிலோ மிகுலு இரண்டு பொருளையும் சுமக்கிறது. நில உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் அங்கே 'மிகுலு பூமி'. தமிழில் அது 'உபரி நிலம்'.

4. சேஷமும் பாக்கியும்

வடமொழியில் 'சிஷ்' என்னும் ஓரடியிலிருந்தே 'சேஷம்' என்பதும், எச்சிலைக் குறிக்கும் 'உச்சிஷ்டம்' என்பதும் பிறந்தன. மிச்சில், எச்சில் என்னும் வேறுபாட்டை அம்மொழி முன்னொட்டால் காட்டுகிறது. அதர்வவேதத்தில் உச்சிஷ்டத்தையே உலகின் நிலைக்களனாகப் போற்றும் சூக்தம் ஒன்றுண்டு என்பதும் நோக்கத்தக்கது. திருப்பதியின் சேஷாசலம் ஆதிசேஷன் பெயரால் வழங்குவது. வைணவ மரபில் சேஷம் என்பது இறைவனுக்கு உரிமையான உயிரைக் குறிக்கும் கலைச்சொல்லாயிற்று.

'பாக்கி' அரபு மூலமுடையது. அம்மொழியில் 'பாகீ' என்பதற்கு எஞ்சி நிற்பது, நிலைத்திருப்பது என்பன பொருள். இறைவனின் திருநாமங்களுள்ளும் அது ஒன்று. பாரசீக வழி வருவாய்க் கணக்கில் புகுந்து தென்னகத்துக்கு வந்தபோது, வசூலாகாது நின்ற வரி எனப் பொருள் சுருங்கியது. கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி 1801இல் கம்பெனியின் கைக்கு மாறிய பின்னும் ஜமாபந்தி, வசூல், பாக்கி ஆகிய சொற்கள் கணக்கில் நீடித்தன. தெலுங்கு 'பாக்கீ' கடனையே குறிக்கிறது. தமிழிலோ கடைக்காரர் திருப்பித்தரும் சில்லறையும் பாக்கி, அவருக்குக் கொடுக்கவேண்டிய கடனும் பாக்கி.

5. நில்: நிலுவையும் நில்வவும்

'நில்' என்பது இரு மொழிக்கும் பொதுவான அடி. தெலுங்கில் 'நிலுவ', 'நில்வ' என்பன கையில் நிற்பதைக் குறித்தன. பண்டகசாலைச் சரக்கும், ரொக்கமும், அணை நீரும் நில்வ எனப்படும். தமிழில் 'நிலுவை' என்பது வராமலோ முடியாமலோ நிற்பதைக் குறித்தது; நிலுவைத் தொகை, நிலுவை வழக்கு என்பன காண்க. கையில் நிற்பதற்குத் தமிழ் 'இரு' என்னும் அடியைத் தெரிந்து 'இருப்பு' என்றது. ஆகவே நில்வ என்பதற்கு நேர் தமிழ்ச் சொல் நிலுவை அன்று, இருப்பே ஆகும்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால், எஞ்சுதலைக் குறிக்கும் சொற்கள் குறைபடல், மிகல், நிற்றல் ஆகிய மூன்று கருத்துகளினின்று தோன்றின என்பதும், ஒவ்வொன்றும் எஞ்சிய பொருள் யாரிடத்தது, யாருக்கு உரியது என்பதற்கேற்ப வரவாகவோ கடனாகவோ பிரிந்தது என்பதும் பெறப்படும். அகராதிகள் இவற்றுக்கெல்லாம் 'மீதி' என ஒரே பொருள் தந்து அமைகின்றன. பொருள் தரும்போது உடைமை, கடமை என்னும் வேறுபாட்டையும் அவை குறித்தல் வேண்டும். பிச்சாட்டூர் அணையின் 'நில்வ'வை நீர் இருப்பு எனவும், 'மிகுலு ஜலாலு'வை உபரி நீர் எனவும் பெயர்ப்பது சொல்நயம் பற்றிய தேர்வு அன்று. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோர் அச்செய்தியைக் கொண்டே கரையைவிட்டு அகல்வதா, தங்குவதா என முடிவு செய்கின்றனர்.