வெடித்தது துறைமுகத்தில், விசாரணை சாங்கியில்

பழைய துப்பறியும் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதல் ரீலில் ஆயுதக் கிடங்கு வெடிக்கும் அல்லது கப்பல் மூழ்கும். நாசவேலை செய்தவன் யார் என்று தெரியாது. தொப்பி அணிந்த துப்பறிவாளர் வருவார். சிகரெட் துண்டு, கிழிந்த கடிதம், காலடித் தடம் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பார். கடைசி ரீலில் எதிரி உளவாளி பிடிபடுவான். நிரபராதிகள் நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தமிழ்த் திரையும் போர்க்கதைகளைச் சொன்னது. கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படமெடுக்கும்படி பட முதலாளிகளுக்கு அரசாங்கத்தின் நெருக்குதல். அந்தச் சூழலில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம்தான் 1945இல் வந்த ‘பர்மா ராணி’. டி.ஆர். சுந்தரம் இயக்கியதோடு ஜப்பானிய அதிகாரியாகவும் நடித்தார். நாயகி கே.எல்.வி. வசந்தா. ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப் படை வீரர்கள் ராணியின் உதவியோடு தப்பும் கதை அது. நல்லவர் யார், கெட்டவர் யார் என்பதில் ரசிகருக்குக் குழப்பமே இல்லை.

ஆனால் அதே காலத்தில் சிங்கப்பூரில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம் இந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை.

1943 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு. அப்போது சிங்கப்பூரின் பெயர் சியோனான். மூன்று மடக்குப் படகுகளில் ஆறு பேர் துறைமுகத்துக்குள் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு வந்தனர். கப்பல்களின் அடிப்பகுதியில் காந்தக் கண்ணிவெடிகளை ஒட்டிவிட்டு, வந்த வழியே மறைந்தனர். பொழுது விடியும் முன் வெடிகள் ஒவ்வொன்றாக முழங்கின. ஏழு கப்பல்கள் வரை மூழ்கின அல்லது சேதமடைந்தன.

இதுதான் ‘ஆப்பரேஷன் ஜேவிக்’. தலைமை தாங்கியவர் பிரிட்டிஷ் அதிகாரி ஐவன் லயன். ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து மொத்தம் 14 பேரை ஏற்றி வந்தது ‘கிரைட்’ என்ற சிறு படகு. கிரைட் என்றால் நம் ஊர்க் கட்டுவிரியன் பாம்பு. முன்பு ஜப்பானிய மீன்பிடிப் படகாக இருந்து, போர் தொடங்கியபோது சிங்கப்பூரில் பறிமுதல் செய்யப்பட்ட படகு அது. வழியில் ஜப்பானியக் கொடியை ஏற்றி, சாரம் கட்டி, உடம்பில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, உள்ளூர் மீனவர்களைப் போல் அவர்கள் பயணம் செய்தனர். அக்டோபர் 19ஆம் தேதி 14 பேரும் பத்திரமாக எக்ஸ்மவுத் திரும்பினர்.

சிங்கப்பூரில் ஜப்பானிய ராணுவப் போலிசான கெம்பெய்தாய்க்குத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி ஆறு பேர் வந்து இதைச் செய்திருக்க முடியும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. உள்ளூர் ஆள்தான் செய்திருக்க வேண்டும், சாங்கி சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியர்கள்தான் ரகசிய வானொலி வழியாகத் திட்டம் தீட்டியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினர். அந்தச் சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. வெடிச்சத்தம் அதை உறுதியாக்கியது.

அக்டோபர் 10ஆம் தேதி சாங்கி சிறையில் சோதனை நடந்தது. பத்தாம் மாதம், பத்தாம் தேதி என்பதால் வரலாறு அதை ‘டபுள் டென்த்’ என்று குறித்து வைத்திருக்கிறது. செய்தி கேட்பதற்காக ஒளித்து வைத்திருந்த வானொலிப் பெட்டிகள் அகப்பட்டன. அதுவே சதிக்குச் சாட்சியம் ஆயிற்று. 57 பேர் அடுத்தடுத்து கைது செய்யப்பட்டனர். ஆர்ச்சர்ட் சாலை ஒய்எம்சிஏ கட்டடம் போன்ற இடங்களில் தண்ணீர் வதை, மின்சார அதிர்ச்சி, பட்டினி என்று சித்திரவதை தொடர்ந்தது. கைதிகளுக்குப் பணமும் செய்தியும் கொண்டுபோய்ச் சேர்க்க உதவிய எலிசபெத் சோய், கைதான கணவரைத் தேடிப் போய்த் தாமும் சிக்கினார். சுமார் 200 நாள் அடைபட்டுக் கிடந்தார். செய்யாத குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த 57 பேரில் 15 பேர் இறந்துபோயினர்.

முதலில் குற்றவாளியைத் தீர்மானிப்பது, பிறகு குற்றத்தைத் தேடுவது. இந்த முறை கெம்பெய்தாய்க்குப் புதிதல்ல. இருபது மாதங்களுக்கு முன்பே, 1942 பிப்ரவரியில், ‘சூக் சிங்’ என்ற பெயரில் சீன ஆடவர்களை வரிசையில் நிறுத்தி, முகமூடி அணிந்த ஆள்காட்டிகள் தலையசைத்தவர்களை லாரியில் ஏற்றினர். அவர்கள் கொல்லப்பட்ட இடங்களில் ஒன்று இன்றைய பிடோக் வட்டாரத்தைச் சேர்ந்த சிக்லாப். இருபது ஆண்டு கழித்து, 1962இல், அங்கே மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் கூட்டம் கூட்டமாக வெளிப்பட்டன. பீச் ரோட்டில் 1967இல் போர் நினைவுச் சின்னம் எழுவதற்கு அதுவே காரணமாயிற்று. இன்று வீடுகளும் கடைகளுமாக இருக்கும் அந்தப் பக்கம் போகும் பலருக்கு இந்தக் கதை தெரிவதில்லை.

மறுபக்கமும் ஒன்று உண்டு. கப்பல்களைத் தாக்கியது தாங்கள்தான் என்று நேச நாடுகள் அப்போது அறிவிக்கவில்லை. அதே வழியில் மீண்டும் ஒருமுறை தாக்கவேண்டும் என்பது திட்டம். 1944இல் ‘ஆப்பரேஷன் ரீமாவ்’ என்ற பெயரில் லயன் 22 பேருடன் மீண்டும் வந்தார். ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. பிடிபட்டவர்களில் பத்துப் பேரின் தலை சிங்கப்பூரில் 1945 ஜூலை 7ஆம் தேதி வெட்டப்பட்டது. ஜப்பான் சரணடைய அப்போது ஆறு வாரம்கூட இல்லை. ரகசியம் காப்பது உளவு வேலையின் முதல் பாடம். ஆனால் அந்த ரகசியத்துக்கான விலையை, அதைப் பற்றி எதுவுமே அறியாதவர்கள் முன்னதாகச் செலுத்திவிட்டனர்.

1946 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற வழக்கில் கெம்பெய்தாயைச் சேர்ந்த 21 பேர் கூண்டில் நின்றனர். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஏழு பேர் விடுதலையாயினர். சரியான விசாரணை என்றால் சிலர் விடுதலையாகவும் கூடும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது.

கட்டுவிரியன் படகு இன்று சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கடல்துறை அரும்பொருளகத்தில் பார்வைக்கு நிற்கிறது. அதன் வீரத்தைப் பாராட்டுவது நியாயமே. அதோடு சாங்கிச் சிறையையும் நினைத்துப் பார்ப்பது அதைவிட நியாயம். படம் பார்ப்பவருக்குக் குற்றவாளி யார் என்பது கடைசி ரீலில் தெரிந்துவிடும். கப்பல்களை வெடிக்க வைத்தவர் யார் என்பது, அதற்காகவே வதைக்கப்பட்டு மாண்ட அந்தப் 15 பேருக்குக் கடைசி வரை தெரியாது.